கருந்துளையும் ஓர் ஏக்கர் நிலமும்

கருவாடு சுடும் வாசனை வீடு முழுக்க... அதற்கு நடுவே மிராசுதாரின் காரியக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். அதுவரை எங்கள் தெருவில் கால் வைக்காதவர். கையில் ஒரு சீப்பு பூவம்பழம் வேறு. அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். நில உச்சவரம்பு, சங்கம், கொடி, கேஸ் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம். அப்பா மிராசுதாரின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குச் செய்துவந்தார். தாலுகா ஆபீஸில் குத்தகைப் பதிவும் இருந்தது. அந்தப் பதிவை விட்டுக்கொடுத்தால், வாய்க்கால் ஓரத்தில் ஓர் ஏக்கரை அப்பா பேருக்கே எழுதி வைப்பார்களாம்.

சொந்த நிலம்... அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா மட்டும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் தஞ்சாவூரில் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். செமினாருக்கு எடுத்த தலைப்பு, சுழலும் கருந்துளை. எல்லாவற்றையும் விழுங்குகிற அதன் இரண்டு முனைப் பக்கமும் தாரை தாரையாகப் பீறிடுவதுபோல் நோட்டில் படம் போட்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பவில்லை.

"முழுங்குறவன் எப்படிம்மா துப்புவான்?"

எனக்கும் முதலில் அதே சந்தேகம்தான்.

"உள்ள போனது திரும்பாதுப்பா. உள்ள விழாம வெளியில சுத்திக்கிட்டு இருக்குல்ல, அதைத்தான் வீசுது. அது சுத்துற சுத்துல காந்தக் கோடெல்லாம் முறுக்கிக்கிட்டுத் தள்ளிவிடுதுன்னு நினைக்கிறாங்க."

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மிராசுதாரு குடுக்குறதும் அவரு வயித்துல இருந்து வர்றதில்ல..."

மறுநாள் காலை நேராகத் தாலுகா ஆபீஸ் போனார். சர்வே நம்பரைச் சொல்லி விசாரித்தால், அந்த ஓர் ஏக்கர் உபரி நிலமென்று அரசாங்கம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதாம்! மிராசுதாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கைநாட்டு வைத்திருந்தால் கையில் இருந்த இரண்டு ஏக்கரும் போயிருக்கும்.

காரியக்காரர் திரும்ப வந்தபோது, "இருக்குறதே போதுங்க" என்று மட்டும் சொன்னார் அப்பா.

அந்தக் குத்தகை நெல்லில்தான் நான் படிப்பை முடித்து டீச்சர் ஆனேன். இப்போது கருந்துளையின் படமே போனில் வருகிறது. வகுப்பில் தாரைகளைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொள்கிறார்கள். அது எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை.

அப்பா போய் ரொம்ப வருஷமாகிறது... அவரைப்போல என்னை நம்பாமல் கேட்க ஓர் ஆள் இல்லையே என்று இருக்கிறது.