எழும்பி நின்றவன்

அந்த வருடம் டண்டினொங் நகரில் எங்கே திரும்பினாலும் அகதிப் படகுப் பேச்சுத்தான். ரீவியைப் போட்டால் படகு. தபால் பெட்டியைத் திறந்தால், படகுகளை நிறுத்துவோம் என்று பல்லைக் காட்டும் ஒரு தேர்தல் துண்டு. அப்படிப்பட்ட படகு ஒன்றில் வந்து இறங்கியவன் நான். ஒரு நாடே என்னைப் பற்றி இவ்வளவு பேசும் என்று, என்னை வகுப்புக்கு வெளியே முழங்காலில் நிற்க விட்ட வாத்தியார்மார் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டோம். ஊரில் ஓட்டோ ஓட்டினேன். இங்கே மரக்கறி பொதிசெய்யும் களஞ்சியம் ஒன்றில் கரட் பிரித்தேன். நேரான கரட் கடைக்கு, கோணல் கரட் மாட்டுக்கு. நானும் கோணல் கரட்தான், இன்னும் யாரும் எடுத்து எறியவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

கையில் இருந்தது தற்காலிக விசா. என் வழக்கை விசாரிக்கத் திகதி வரும்வரை வேலை செய்யலாம், மூச்சு விடலாம். அந்த விசாரணையில் வென்றால்தான் கிளிநொச்சியில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடுவதைப் பற்றி யோசிக்கவே முடியும். அதனால் என்னோடு அறையைப் பங்கிட்டுக்கொண்ட மன்னார் அண்ணை ஒவ்வொரு நாளும் எனக்குத் தேவாரம் பாடுவார்.

“டேய், உது நூலில தொங்கிற விசா. ஒரு பொலிஸ்காரன்ர கொப்பியில உன்ர பேர் விழுந்துதெண்டா திரும்பத் தடுப்புக் காம்ப். அங்கயிருந்து நேரா கட்டுநாயக்கா எயார்போட்.”

“நான் என்னண்ணை செய்யப்போறன்? எனக்குக் கோபமே வாறேல்ல.”

“உனக்குக் கோபம் வராது. வாய் வரும்.”

களஞ்சியத்தில் எனக்கு ஒரே ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். ஆள் குளிர்சாதனப் பெட்டி அளவு, மனம் அதைவிடப் பெரிது. நான் சேர்ந்த கிழமை மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது தன் காரை நிறுத்தி ஏற்றினான். அடுத்த நாள் தன் பழைய குளிர்ச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். அதற்குள் நானும் மன்னார் அண்ணையும் இன்னொருவரும் குடியிருக்கலாம்.

தேர்தல் நெருங்க நெருங்க அவன் வேறு மாதிரிப் பேசத் தொடங்கினான். சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ கத்தும், கூடவே அவனும் கத்துவான். வாறவனுக்கு எல்லாம் வீடு சும்மா, போன் சும்மா, எங்கள் கிழவிகளுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்பான். சொல்லி முடித்துவிட்டு பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளி, “நொட் யூ, மேற்” என்பான். உன்னைச் சொல்லவில்லையாம். நானும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன். படகை நிறுத்தினால் நிறுத்தட்டும், நான்தான் இறங்கிவிட்டேனே. இப்படி ஒரு பகிடியை எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். இனித்தது பிஸ்கட் மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் தம்பிக்கு வர முடியாமல் போனதால் கால்பந்தாட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனான். இந்த ஊர்க் கால்பந்து ஒரு தனிச் சாதி. பந்து முட்டை மாதிரி இருக்கும், கையாலேயே பாதி விளையாட்டு, நிலத்தில் விழுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று பந்துக்கே தெரியாது. என் வாழ்க்கையைப் பார்த்து யாரோ செய்த பந்து. அவன் தன் அணியின் சால்வையை என் கழுத்தில் சுற்றி, தொப்பியையும் மாட்டிவிட்டான். கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. காட்டிக்கொடுக்க அதுவே போதும்.

எதிரணியில் ஒரு கறுத்த வீரர். இந்த மண்ணின் ஆதிக் குடிகளில் ஒருவர். இவர்கள் எல்லோருடைய படகுகளுக்கும் முந்தியவர். பந்தை எடுத்தால் காற்று வழிவிடுவது மாதிரி ஓடுவார். அவர் எங்கள் பக்க எல்லைக்கோட்டுக்கு வந்தபோது என் பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு குரல் எழும்பியது. குரங்கே, மரத்துக்குப் போ என்று. எனக்கு விளங்கும் கொஞ்ச இங்கிலீசில் அந்தச் சொல்லும் ஒன்று. ரயிலில் ஒருவன் என்னைப் பார்த்துக் கத்திப் படிப்பித்தது. கத்தியது என் சிநேகிதன். சுற்றியிருந்த சிலர் சிரித்தார்கள். சிலர் சப்பாத்தைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் திரும்பி முறைத்தாள், பிறகு போனை எடுத்து ஏதோ தட்டினாள். அவன் இன்னும் இரண்டு முறை கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் அங்கி போட்ட இரண்டு காவலர்கள் படியேறி வந்து எங்கள் வரிசையில் நின்றார்கள்.

இப்போது நான் செய்ததை விளங்கிக்கொள்ள நீங்கள் வன்னியில் வளர்ந்திருக்க வேண்டும். சீருடை வந்தால் எழும்புவது, கேட்கும் முன் அடையாள அட்டையை நீட்டுவது, என்ன கேட்டாலும் ‘யெஸ் சேர்’ சொல்வது. எங்கள் சனம் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தது இந்த மூன்றாலும்தான். என் மூளை பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கால் தன் பாட்டில் எழும்பிவிட்டது. தொப்பியைக் கழற்றி, குடிவரவுக்காரர் தந்த அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

மூத்த வெள்ளைக்காரக் காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்து, கத்தியது நீயா என்று கேட்டார்.

“யெஸ் சேர்.”

முன்வரிசைப் பெண் “இவரில்லை, இவரில்லை” என்று கை காட்டினாள். அதற்குள் யாரோ கோல் போட்டு, முழுக் கூட்டமும் எழும்பிக் கத்தியது. என் சிநேகிதன் சிப்ஸ் பெட்டிக்குள் எதையோ தொலைத்தவன் மாதிரிக் குனிந்து தேடினான். இளைய காவலர் என் முழங்கையைப் பிடித்தார். படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒருவன் “படகுக்குப் போ” என்றான். நல்ல கைதட்டல். எல்லைக்கோட்டருகே நின்ற அந்த வீரர் நிமிர்ந்து பார்த்தார். தன்னைக் குரங்கு என்றவனைக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்தவர் கண்டது என்னை. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. நீயுமா என்ற களைப்புத்தான் இருந்தது. இல்லை ஐயா என்று சொல்ல எனக்கு அந்தத் தூரத்துக்குக் குரலும் இல்லை, இங்கிலீசும் இல்லை.

படிக்குக் கீழே இளைய காவலர் அட்டையில் என் பெயரைப் பார்த்தார்.

“அண்ணா, நீங்க தமிழா?”

“ஓம் தம்பி.”

“அப்புறம் அந்தாள போய் ஏண்ணா அப்படித் திட்டுனீங்க?”

“நான் திட்டேல்ல.”

“திட்டலையா? பின்ன எதுக்கு எந்திரிச்சீங்க?”

“யூனிபோமைக் கண்டன். எழும்பினன்.”

“நான் படிக்க வந்த பையன்ணா. சனி, ஞாயிறு மட்டும்தான் இந்தச் சட்டை. எங்க வீட்டு நாய்கூட என்னைக் கண்டா எந்திரிக்காது.”

இரண்டு பேரும் சிரித்தோம். வாசலில் ஒரு பொலிஸ்காரர் நிற்பதை அப்போதுதான் கண்டேன்.

“தம்பி, அவர் என்ர பேரை எழுதுவாரோ?”

“எழுதுவாங்க. கத்துனது யாருன்னு சொல்லுங்க, மேல போய் அவனை இறக்கிடலாம். ஆனா நீங்க சாட்சி. பேரு, அட்ரஸ் எல்லாம் குடுக்கணும்.”

“சொல்லாட்டி?”

“நீங்கதான் கத்துனீங்கன்னு எழுதுவாங்க.”

“பேர் விழாமல் ஒரு வழியும் இல்லையோ? நான் விசாவில தொங்கிறன் தம்பி. மனுசியும் பிள்ளையும் அங்க.”

அவர் பொலிஸ்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு மயக்கம் வந்துச்சு, நீங்களே வெளிய போறேன்னு கேட்டீங்கன்னு சொல்லிடறேன். மயக்கம் வந்தவனுக்குப் பேரு தேவையில்ல. ஆனா அவன் மேல உக்காந்துதான் இருப்பான்.”

“உங்கட பெரியவர் கேட்டால்?”

“அவர் ஆளைப் பிடிச்சாச்சுன்னு நினைச்சுட்டாருண்ணா. இனி மறந்துருவாரு.” அட்டையைத் திருப்பித் தந்தார். “போன வருஷம் ட்ரெயின்ல என்னைப் போட்டு அடிச்சானுங்க. நான் பேரு, அட்ரஸ் எல்லாம் குடுத்தேன். ஒருத்தனையும் பிடிக்கல, பல்லு போனதுதான் மிச்சம்.”

“மயக்கம்தான் தம்பி” என்றேன்.

வாசலால் போகும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பொலிஸ்காரர் “ஆர் யூ ஓகே, மேற்?” என்று அன்பாகக் கேட்டார்.

ஆட்டம் முடியும்வரை வெளியே மழையில் நின்றேன். உள்ளே கூட்டம் இரையும்போதெல்லாம், அவன் இப்போதும் கத்துகிறான், அவர் இப்போதும் கேட்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் சிநேகிதன் வந்தான். வென்றுவிட்டோம் என்று கட்டிப்பிடித்தான். காரில் ஹீற்றரை என் பக்கம் திருப்பிவிட்டான். வழி முழுக்கக் கோல்களைப் பற்றியே பேசினான். ஈரச் சால்வையை மடித்துக் கொடுத்தேன், நீயே வைத்துக்கொள் என்றான்.

அறைக்குள் நுழைந்ததும் “எப்பிடி விளையாட்டு?” என்று கேட்காமல், மன்னார் அண்ணை என் முகத்தைப் பார்த்து, “பேர் விழுந்ததோ?” என்றுதான் கேட்டார்.

“இல்லையண்ணை.”

“அப்ப சாப்பிடு.”

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் அவன் கதையை எடுத்துவிட்டான். படகில் வந்தவனை இனவெறி பேசினான் என்று மைதானத்திலிருந்து தூக்கிவிட்டார்களாம். அறை அதிர்ந்தது. எப்படி எழும்பினாய், காட்டு காட்டு என்று கையைப் பிடித்து இழுத்தான். நான் பகிடிக்காரன், பகிடி கேட்டால் மறுக்கத் தெரியாது. கதிரையிலிருந்து துள்ளி எழும்பி, தொப்பியைக் கழற்றி, பிஸ்கட் ஒன்றை அட்டை மாதிரி இரண்டு கையாலும் நீட்டினேன். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பின்னேர வேலைக்கு வந்தவர்களுக்கும் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். மனேஜருக்கும் காட்டச் சொன்னார்கள். அவருக்கு முன்னால் நின்றபோது பிஸ்கட் பிடித்த கை தன் பாட்டில் நடுங்கத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அதற்குத்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்லாய் நடிக்கிறாய் என்று மனேஜர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.