பர்மா உளுந்து

மளிகைக் கடையில் இன்று ஒரு சணல் சாக்கைப் பிரித்தபோது எழுந்த நெடி, விருதுநகரில் அம்மா வேலை பார்த்த பருப்புக் குடோனுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். வட்ட வட்டமாக ஏதோ எழுத்து அச்சடித்த பர்மா சாக்குகள் கூரைவரை ஏறியிருக்க, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் உளுந்து புடைக்கும் சத்தத்தில் எனக்குக் கண் சொக்கும்.

தூத்துக்குடிக்குக் கப்பல் வந்தால் அம்மாவுக்கு வாரம் முழுக்க வேலை. ஆமத்தூரில் அப்பா விதைத்த உளுந்துக்கோ விலை விழுந்துவிடும். அறுப்பு நெருங்க நெருங்க, அப்பா தினமும் கேட்பார். பர்மா லோடு வந்து இறங்கிய அன்றும் கேட்டார்.

"கப்பல் வந்துருச்சா?"

"இன்னும் வரலையாம். துவரைதான் புடைச்சோம். நீங்க சாப்பிட வாங்க."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் சேலையெல்லாம் அந்தச் சாக்கு நெடி. அப்பா என் தலைமுடியில் சிக்கியிருந்த கறுப்பு உளுந்து ஒன்றை மெல்ல எடுத்தார், விரலில் உருட்டிப் பார்த்தார், அம்மா பார்ப்பதற்குள் வேட்டி மடியில் போட்டுக்கொண்டார்.

மறுநாளும் அதையேதான் கேட்டார்.