மூடினால் முப்பத்தொன்று

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவரோடு வீடு வரை வந்து தெருவிலும் ஒட்டிக்கொண்டது. கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார், மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட டிவியில் ஏதாவது வண்டி வேகமாக வந்தால் அவருடைய கால் தானாகத் தரையை அழுத்தும்.

வேலையில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கற்றுக்கொள்கிறவர் நட்டநடுச் சாலையில் வண்டியை அணைத்துவிட, பின்னால் வரிசையாக ஹாரன் அலறும்போதும், பரவாயில்லை, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க என்பார். அப்படி விழுங்கிய எரிச்சல் எல்லாம் சாயங்காலம் அவரோடு வீட்டுக்கு வரும். அங்கேயும் மனிதர்கள் மேல் காட்ட மாட்டார். பொருள்கள் மேல் காட்டுவார். சரியாக மூடாத அலமாரிக் கதவு, முடிச்சுப் போட்டுக்கொண்ட சார்ஜர் ஒயர், சொட்டும் குழாய், இவற்றோடெல்லாம் நின்று பேசுவார். அவை பதில் சொல்லாததால் சண்டை இன்னும் நீளும்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு மீன் தொட்டி வந்து சேர்ந்தது.

அவர் கேட்டு வரவில்லை. மனைவியின் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அவசரத்தில் தன்னுடைய நாலடித் தொட்டியை ஒரு குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கினான். உள்ளே தட்டு மாதிரி வட்டமாக, தட்டையாக, பக்கவாட்டில் நீலக் கோடுகளோடு டிஸ்கஸ் மீன்கள். ரெண்டே மாசம் மாமா, அங்க வீடு பாத்ததும் ஏற்பாடு பண்ணிடறேன் என்றான். அந்த ரெண்டு மாசம் எந்த நாட்டுக் கணக்கு என்று மாஸ்டருக்கு இன்றுவரை புரியவில்லை.

டிஸ்கஸ் மீனுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். இருபத்தொன்பது டிகிரி இருந்தால் ராஜா மாதிரி நீந்தும். குளிர்ந்தால் கறுத்து, மூலையில் ஒண்டிக்கொண்டு, எல்லாரையும் குற்றம் சொல்வதுபோல் பார்க்கும். கடையில் வாங்கிய ஹீட்டர் ஒருநாள் அணையாமல் எரிந்துகொண்டே இருந்து, தண்ணீர் கொதிக்காத குறையாகச் சூடாகி, இரண்டு மீன்கள் செத்துப்போயின. மச்சினன் போனில் நெருங்கிய உறவு போனதுபோல் பேசினான். உங்களை நம்பித்தானே மாமா விட்டுட்டு வந்தேன் என்றான். மனைவி, பாவம் அவன் ஆசையா வளர்த்தது என்றாள். மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது.

புது ஹீட்டர் வாங்கினாலும் அதன் போக்கில் விடுவதில்லை, எரிக்கவும் அணைக்கவும் தானே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துவிடுவது என்று அன்றைக்கு முடிவெடுத்தார். சின்ன வயதிலிருந்தே ஒயரும், அதைப் பற்றவைக்கிற சால்டரும் அவருக்குப் பழக்கம். வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். எல்லாவற்றையும் நடத்த ஒரு சிறிய எலெக்ட்ரானிக் போர்டு, சூட்டை அளக்கத் தண்ணீரில் போடுகிற சென்சார், டக்கென்று இழுத்து ஹீட்டரை எரிக்கவும் விட்டு அணைக்கவும் ஒரு ரிலே, எண் காட்ட ஒரு குட்டித் திரை. எல்லாவற்றையும் மகளின் பழைய டிபன் டப்பாவுக்குள் அடக்கினார். இருபத்தொன்பதுக்குக் கீழே போனால் ஹீட்டர் எரியும், கொஞ்சம் மேலே போனால் அணையும். முதல் வாரம் அது சொன்ன பேச்சைக் கேட்டது. பயிற்சிக்கு வந்தவர்களிடம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பெட்டியின் போட்டோவைக் காட்டினார்.

அப்புறம் ஆரம்பித்தது கழுத்தறுப்பு.

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து டக் டக் டக் என்று சத்தம். ரிலே இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது, விடுகிறது. திரையில் 28.8. டக். 30.3. டக். 28.8. நாலடித் தொட்டித் தண்ணீர் ஒரு நொடியில் ஒன்றரை டிகிரி ஏறி இறங்குமா? வாயில் நுரையோடு அதன் முன்னால் நின்று, உனக்கு என்னதான் வேணும் என்று கேட்டார். அது டக் என்றது.

சென்சார்தான் கெட்டிருக்க வேண்டும் என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டார். டக் டக். உதிரிபாகக் கடைக்காரர் அடாப்டரை மாற்றிப் பார்க்கச் சொன்னார். மாற்றினார். டக் டக். போர்டை மாற்றிப் பாருங்க என்றார் கடைக்காரர். போர்டையும் மாற்றினார். எதைச் சொன்னாலும் மாத்திப் பாருங்க என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வைத்தியமே தெரியவில்லை. பழைய டப்பாவில் மிச்சம் இருந்தது டப்பா மட்டும்தான். அதையும் மாற்றச் சொல்வதற்குள் மாஸ்டர் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

கடைசியில் மாற்றுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். ஹீட்டரைக் கழற்றினார், எண் அப்போதும் குதித்தது. ரிலேயைக் கழற்றினார். எண் கல் மாதிரி நின்றது. அப்போதுதான் கண்ணில் பட்டது, சென்சாரும் ரிலேயும் மின்சாரம் திரும்பிப் போக ஒரே மெல்லிய கறுப்பு ஒயரைத்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ரிலே இழுக்கும்போதெல்லாம் அந்த ஒயரில் நெரிசல். அந்த நெரிசலைத்தான் போர்டு சூடு என்று படித்திருக்கிறது. ரிலேக்குத் தனியாக ஒரு தடித்த ஒயர் இழுத்தார். டக் டக் நின்றது. அன்று இரவு சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

நிம்மதி அந்த வாரக் கடைசி வரைக்கும்கூட நிலைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மீன்கள் கறுத்து மூலையில் ஒண்டியிருந்தன. திரை 31 என்றது. முப்பத்தொன்றில் மீன் இப்படி ஒண்டாதே என்று கண்ணாடித் தெர்மாமீட்டரை உள்ளே விட்டால் இருபத்தைந்து. தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது, பெட்டியோ சூடு அதிகம் என்று ஹீட்டரை அணைத்து வைத்துக்கொண்டு நியாயவான் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

தொட்டியின் மூடியைத் திறந்தார். சென்சாரை வெளியே எடுத்தார், துடைத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், திரும்பப் போட்டார். கொஞ்ச நேரத்தில் திரை 25 என்று சரியாகச் சொன்னது. ஹீட்டர் எரிந்தது. மூடியை மூடினார். மறுநாள் சாயங்காலம் மறுபடி 31.

இது அவருடைய பொறுமையைத் தின்றது. தினமும் இதே கூத்து. அவர் கை வைத்தால் சரியாகிறது, அவர் போனதும் கெட்டுப்போகிறது. பரிசோதனை செய்யலாம் என்று திறந்தால் பரிசோதிக்க எதுவுமே இல்லை. மெக்கானிக் வந்ததும் சத்தத்தை நிறுத்திவிடுகிற வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த வண்டிகள் அவர் வீட்டுக் கூடத்தில் குடித்தனம் பண்ணியதில்லை. சென்சாரை இன்னொரு முறை மாற்றினார். தொட்டியில் வேறு மூலையில் ஒட்டிப் பார்த்தார். மீன்தான் முட்டித் தள்ளுகிறதோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதியை அதன் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து கழித்தார். மீன்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மகள் வந்து பார்த்துவிட்டு, யார் யாரைக் காவல் காக்கறாங்கன்னே தெரியலப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எரிச்சல் வீட்டுக்குள் அடங்காமல் வேலைக்கும் வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பயந்து பயந்து ஓட்டுவார். ஒருநாள் காலி சாலையில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தார். மாஸ்டர் யோசனையில் தன் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டார். வண்டி குலுங்கி நின்றது. அதோடு விடாமல், எதுக்கும்மா நிறுத்தினீங்க என்று சள்ளென்று விழுந்தார்.

அந்த அம்மா ஸ்டியரிங்கை விடாமல் மெதுவாகக் கேட்டார், "நீங்கதான் மாஸ்டர் நிறுத்தினீங்க. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"மீனுக்கு," என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. வெட்கமாகப் போயிற்று. அந்த அம்மா சிரிக்கவில்லை. மீனுக்கு என்ன மருந்து கொடுப்பார்கள் என்று தனக்குத் தெரியாது என்று வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தம் அவரை இன்னும் வெட்கப்பட வைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீடியோவில் கூப்பிட்டான். மாஸ்டர் அன்று தொட்டியைத் தொடுவதில்லை என்ற வைராக்கியத்தில் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் 31. தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எழுந்திருக்க மனம் வரவில்லை. மச்சினன் மீனைக் காட்டச் சொன்னான். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று மனைவி மூடியை மேலே தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, போனைத் தண்ணீருக்கு மேலே பிடித்தாள்.

மச்சினன் வாய் ஓயவில்லை. மீன் ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்றான். தண்ணி மாத்துறீங்களா இல்லையா என்றான். கையால் செய்த பெட்டியையெல்லாம் வைத்து உயிரோடு விளையாடக் கூடாது, நல்ல கம்பெனிப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கலாமே என்றான். அக்கா ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி என்ன சொன்னாலும் அவனுக்காக வக்காலத்து வாங்குவதுதான் அவள் வழக்கம். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் மாஸ்டர் பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

31. சிறிது நேரத்தில் 30. மச்சினன் இப்போது மீன் தீனியைப் பற்றி ஆரம்பித்திருந்தான். 28.

மாஸ்டர் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

27. 26. இருபத்தொன்பதைத் தாண்டி இறங்கியபோதே ரிலே இழுத்து, ஹீட்டர் எரியத் தொடங்கியிருந்தது. யாரும் சென்சாரைத் தொடவில்லை. துடைக்கவில்லை, நகர்த்தவில்லை. மூடி மட்டும்தான் திறந்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் மச்சினன், மாமாவுக்கு அக்கறையே கிடையாதுக்கா, வேண்டாவெறுப்பாத்தான் பாத்துக்கறார் என்றான். மனைவி போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"டேய், போதும் நிறுத்து. உன் மீனால இந்த மனுஷன் ஒழுங்கா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, பைத்தியம் மாதிரி டப்பாவோட பேசிட்டு இருக்கார். அக்கறை இல்லாதவரா இதெல்லாம் செய்வார்? உனக்கு அவ்வளவு ஆசைன்னா டிக்கெட் போட்டு வந்து தூக்கிட்டுப் போ. இல்லன்னா மீனைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை கேக்காத."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கணவர் நன்றியோடு பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். அவரோ தொட்டிக்குப் பின்னால் குனிந்து, தலையை மூடிக்கு அடியில் நுழைத்திருந்தார். என்னங்க என்றாள். மூடியை மூடாதே, டார்ச் லைட்டை எடு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு டார்ச்சை எடுத்து வந்தாள்.

மூடியின் பின் மூலையில், தொட்டியின் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, சென்சார் ஒயரில் ஓர் ஒட்டு இருந்தது. பெட்டி செய்த புதிதில் ஒயர் எட்டவில்லை என்று அவசரத்தில் இரண்டு துண்டை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே விட்டது. அப்புறம் மறந்தே போனது. எத்தனை சென்சார் மாற்றினாலும் அந்த ஒட்டுக்குக் கீழேதான் மாற்றியிருக்கிறார், ஒட்டு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது. நாளாக ஆக டேப் பசை விட்டுவிட்டது, மூடி மூடியிருந்தால் தண்ணீரின் ஆவி மேலே முட்டித் துளித்துளியாக அதன் மேல் இறங்கும். ஈரம் இரண்டு ஒயருக்கும் நடுவில் ஒரு கள்ளப் பாதை போடும். அதில் கசிவதைப் போர்டு சூடு என்று நம்பிவிடும். மூடியைத் திறந்தால் காற்றுப் பட்டு ஒட்டுக் காயும், எண் சரியாகும். அவர் தினமும் சென்சாரைத் துடைத்துத் துடைத்து வைத்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அதை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதைப் பாரு. எந்த மடையன் இப்படி ஒட்டுப் போடுவான்?"

அவள் ஒட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "இந்த வீட்ல ஒயர் வேலை செய்யறது யாருங்க?" என்று மட்டும் கேட்டாள். சிரித்தால் தோற்றதாகிவிடும் என்பதுபோல் அவர் உதட்டை அழுத்திக்கொண்டு சால்டர் பெட்டியை எடுக்கப் போனார்.

அன்றே ஒட்டில்லாத நீள ஒயர் ஒன்று வாங்கிச் சென்சாரிலிருந்து பெட்டி வரை ஒரே ஓட்டமாக இழுத்தார். தொட்டிக்கு வெளியே ஒயரைக் கீழே தொங்கவிட்டு வளைத்துத் திரும்ப மேலே ஏற்றினார், சொட்டுத் தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவிலேயே விழுந்துவிடும், பெட்டிக்குப் போகாது. மூடியை மூடினார். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் 29.1. தெர்மாமீட்டரிலும் அதே. மீன்கள் நிறம் தெளிந்து, மூலையை விட்டு நடுத் தொட்டிக்கு வந்திருந்தன. மனைவி கேட்டதற்கு, பரவாயில்லை என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அது நல்ல அர்த்தம்.

மச்சினன் கொஞ்ச நாள் கோபமாக இருந்துவிட்டு மறுபடி கூப்பிட்டான். மீனைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசியில் போனை வைக்கும்போது, தான் பார்த்திருக்கும் வீட்டில் பிராணிகள், தொட்டி எதுவும் வைக்க அனுமதி இல்லை என்று அக்காவிடம் மெல்லிய குரலில் சொன்னான். அக்கா அதை மாஸ்டரிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடக்கிவிட்டு, அப்போதே தெரியும் என்றார்.

இப்போது அவருக்கு வேறு குறை. எண் அசையவே மாட்டேன் என்கிறது. காலையில் பார்த்தாலும் 29.1, மத்தியானம் மகள் பார்த்துச் சொன்னாலும் 29.1. ஒரு பொருள் இவ்வளவு யோக்கியமாக இருக்குமா, போர்டு அப்படியே உறைந்துபோய்ப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகம். வேலைக்குக் கிளம்பும் முன் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சென்சாரை வெளியே எடுத்து, உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையை முறைப்பார். உள்ளங்கைச் சூட்டில் 29.4, 30, 31.2 என்று ஏறும். ம் என்று உறுமிவிட்டு அதைத் தண்ணீரில் போட்டு, ஈரக் கையை பேண்ட்டில் துடைக்காதீங்க என்று மனைவி சொல்வதற்குள் துடைத்துவிட்டு, வண்டிச் சாவியைத் தேட ஆரம்பிப்பார். சாவி வைத்த இடத்தில் இருக்காது. அதோடு சண்டை தொடங்கும்.