இன்னும் ஒரு அடி பின்னாடி

ராத்திரி நடந்தது என்று சொன்னால் நீங்கள் சுலபமாக நம்பிவிடுவீர்கள். ஆனால் இது நடந்தது சாயங்கால வெயிலில். தெருவில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதை கட்டுகிறவளாக இருந்தால் நானும் நடுராத்திரி பன்னிரண்டு மணி என்றே ஆரம்பித்திருப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நான் வீடுகளைப் படம் எடுப்பவள். விற்பனைக்கு வரும் வீடு, வாடகைக்கு வரும் வீடு, எல்லாம். என் அக்கா வீட்டுக்காரர் புரோக்கர். வேலையைப் பிடித்துக் கொடுப்பவர் அவர்தான். எதைக் கேட்டாலும் ‘அஞ்சு நிமிஷம்’ என்பார். குடும்பத்தில் அவருக்குப் பெயரே அதுதான். நான் மட்டும் மரியாதைக்கு மாமா என்பேன்.

இந்த வேலையில் ஒரு ஆபத்து உண்டு. சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டும். இன்னும் பின்னால் போக வேண்டும். கண் முழுக்க கேமராவில் இருக்கும். முதுகில் கண் கிடையாது. ஒருமுறை இப்படித்தான் மாடிப்படியில் உருண்டு, மணிக்கட்டு உடைந்து, அக்கா ஊட்டிவிடச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கேமராவைத் தூக்கும் முன் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் வைக்கும் ஒவ்வொரு அடியையும் குதிகாலால் தட்டிப் பார்த்துத்தான் வைப்பேன். இடது கையைப் பின்னால் நீட்டிச் சுவரைத் தேடுவேன். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். “ரிவர்ஸ் எடுக்கற லாரி மாதிரி இருக்கே. பீப் பீப்னு சத்தம் மட்டும்தான் பாக்கி.”

இது நடந்த வீட்டுக்கு மூன்று மாடி. கீழே ஒரு தையல் கடை. மேலே எல்லாம் காலி; ஆள் இருந்து பல வருஷம் ஆகிவிட்டது. வீடு விற்றுப்போனால் தையல்காரர் கடையைக் காலி செய்ய வேண்டும். அதனால் எங்களைப் பார்த்ததுமே அவர் முகம் கல்லாகிவிட்டது. சாவி கேட்டோம். மெஷினை நிறுத்தவில்லை. தரையில் கிடந்த சாவிக்கொத்தைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார்.

“எல்லா ரூமும் எடுக்கணுமா?” என்றார்.

“ஆமா. பால்கனி இருந்தா அதுவும்” என்றேன்.

மெஷின் நின்றது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்.

மாமாவுக்கு போன் வந்தது. “நீ மேல போய் ஆரம்பி. அஞ்சு நிமிஷத்துல வர்றேன்.”

முதல் மாடியில் நாலு நாற்பதுக்கு ஆரம்பித்தேன். தூசியைத் தவிர ஒன்றும் இல்லை. மேலேயிருந்து மட்டும் ஏதோ சத்தம். சரக்... சரக்... நிறைய பேர் நெருக்கமாக நின்றுகொண்டு இடம் மாறுகிற மாதிரி. புறாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பூட்டிக் கிடக்கும் வீட்டில் புறா இருப்பது சகஜம்தானே.

இரண்டாம் மாடியில் ஒரு வாசனை. முகப்பவுடர், தலைக்கு வைத்த எண்ணெய், மடிப்புக் கலையாத புதுத்துணி. விசேஷத்துக்குக் கிளம்புகிற வீட்டில் அடிக்குமே, அந்த வாசனை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மூலையில் நின்று எடுத்தால்தான் அறை முழுசாக வரும். வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர். தட்டித் தட்டிப் பின்னால் போனேன். இடது கையை நீட்டினேன்.

சுவர் தட்டுப்படவில்லை. துணி தட்டுப்பட்டது.

வழவழப்பான துணி. உள்ளே சூடு. மூச்சு விட்டால் வயிறு ஏறி இறங்குமே... அப்படி ஏறி இறங்கியது.

வெடுக்கென்று திரும்பினேன். சுவர்தான். காரை உதிர்ந்த வெறும் சுவர்.

“ஷ்ஷ்...”

மேலேயிருந்து வந்தது. சிரிக்கிற குழந்தையை யாரோ அடக்குகிற மாதிரி.

பேய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரோ திருட்டுத்தனமாகக் குடியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மாமாவுக்கு போன் போட்டேன்.

“மாமா, மேல ஆள் இருக்காங்க போல.”

“பூட்டின வீட்டுல ஏது ஆளு? வெளிச்சம் போயிடும், சீக்கிரம் முடி. இதோ வந்துட்டேன்.”

போனேன். மூன்றாம் மாடி ஒரே பெரிய அறை. ஆளும் இல்லை, புறாவும் இல்லை. ஒரு இறகுகூட இல்லை. பின்பக்கம் ஒரு கதவு. எண்ணெய் போட்டு வைத்த மாதிரி தாழ்ப்பாள் சட்டென்று நகர்ந்தது. திறந்தேன். மேற்கு வெயில் முகத்தில் அடித்தது. கையைக் குடையாகப் பிடித்துப் பார்த்தேன். பால்கனி. சிவப்புத் தரை. இடுப்பளவு கைப்பிடிச்சுவர். அங்கே நின்று உள்ளே பார்த்து எடுத்தால், வெயில் விழுந்த அறை மனசை அள்ளிக்கொண்டு போகும்.

நான் அசட்டையாக இருக்கவில்லை. இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு காலை வெளியே வைத்து அழுத்திப் பார்த்தேன். கெட்டித் தரை. வெயிலில் காய்ந்த சூடு செருப்பைத் தாண்டி உறைத்தது. அறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பின்பக்கமாக ஒரு அடி. குதிகாலால் தட்டினேன். டக். இன்னொரு அடி. டக். இன்னொன்று. டக்.

மூன்று படம் எடுத்தேன். அப்போது மணி ஐந்து இருபத்தைந்து.

“இன்னும் ஒரு அடி பின்னாடி.”

மாமா வந்துவிட்டார் என்று நினைத்தேன். இப்படி யோசனை சொல்வது அவர்தான். “இருங்க மாமா, அவசரப்படுத்தாதீங்க” என்றேன்.

அறையில் யாரும் இல்லை.

குரல் வந்தது... என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கையில் வைத்திருந்த லென்ஸ் மூடி நழுவியது. என் காலடியில்தான் விழுந்திருக்க வேண்டும்.

சத்தம் இல்லை.

காத்திருந்தேன்...

டக்.

கீழே. ரொம்பக் கீழே.

குனிந்து பார்த்தேன். சிவப்புத் தரை அப்படியே இருந்தது. மூடியைக் காணோம்.

முகப்பவுடர் வாசனை.

பின்கழுத்தில் மூச்சு. ஒன்றல்ல. பல.

“இன்னும் ஒரு அடி.”

பெண் குரல்.

“பின்னாடி.”

குழந்தைக் குரல்.

“போ.”

எல்லாக் குரலும்.

தோளில் ஒரு கை. இன்னொரு கை...

இழுத்தன.

பாய்ந்தேன்.

கதவு நிலை கையில் சிக்கியது. அதே நொடி, காலுக்குக் கீழே தரை போய்விட்டது.

தொங்கினேன்.

“ஐயையோ! பிடிச்சுக்க! விட்டுடாத!”

இந்தமுறை குரல் முன்னாலிருந்து வந்தது. மாமா என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து உள்ளே போட்டார். முழங்கை இரண்டும் தோல் உரிந்துபோனது. அவருக்கு மூச்சு வாங்கியது. என்னையும் பார்க்கிறார், கதவையும் பார்க்கிறார்.

“அங்க எதுக்குப் போனே? அங்கதான் ஒண்ணுமே இல்லையே!”

தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்தேன். தரை இல்லை. கைப்பிடிச்சுவர் இல்லை. கதவுக்கு வெளியே நேராக இறங்கும் மொட்டைச் சுவர். அதிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் நாலைந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். கீழே கருங்கல் பாவிய முற்றத்தில், கறுப்பாக ஒரு பொட்டு மாதிரி, என் லென்ஸ் மூடி.

கீழே இறங்கியதும் மாமா தையல்காரர் சட்டையைப் பிடித்துவிட்டார். எறும்புக்குக்கூட வழி விடுகிற மனிதர் மாமா.

“தெரிஞ்சுகிட்டே ஏன்யா சொல்லல? புள்ள செத்திருக்கும்!”

தையல்காரர் அந்தக் கையை விலக்கவில்லை. “கதவுல குறுக்கே பலகை அடிச்சு வெச்சிருந்துச்சு. போட்டோ நல்லா வரணும்னு ஓனர்தான் போன வாரம் ஆள் விட்டுப் பிடுங்கிட்டாரு. என்னையா கேட்டாரு?”

“நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எதுக்குச் சொல்லணும்? என்னைத் தெருவுல நிறுத்தத்தானே படம் எடுக்க வந்தீங்க?”

மாமாவின் கை தானாகத் தளர்ந்தது. நான்தான் கேட்டேன். “அந்தப் பால்கனி என்ன ஆச்சு?”

தையல்காரர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, துணியைப் பார்த்தபடியே சொன்னார்.

“இந்த வீட்டுல இருந்தவங்க குடும்பமா நின்னு போட்டோ எடுத்தாங்க. அங்கதான் நின்னாங்க. போட்டோக்காரன் ரூமுக்குள்ள. ‘எல்லாரும் படத்துல விழல, இன்னும் ஒரு அடி பின்னாடி... எல்லாரும் விழல, இன்னும் ஒரு அடி’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். கீழ எனக்கே கேட்டுச்சு. பால்கனி தாங்கல. மொத்தமா போயிட்டாங்க. ஏழு பேரு. அதுல ஒண்ணு சின்னது.”

ஊசிக்கு அடியில் துணியைச் செருகினார். பிறகு சொன்னார். “அன்னிக்கு அவங்க போட்டிருந்த துணி பூரா நான் தைச்சது.”

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்த கேமராவைத் தொடவே எனக்கு மனசு வரவில்லை. உள்ளேயிருந்த கார்டைக் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அவரே வீட்டுக்கு வந்தார். காப்பி வேண்டாம் என்றார். லேப்டாப்பை என் முன்னால் திறந்து வைத்தார்.

“நீ எங்க நின்னு எடுத்தே?”

கடைசி மூன்று படங்கள். கதவு நிலை முழுசாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் வெளிச்சுவர். நடுவில், திறந்த கதவு வழியாக அறை. அப்படி ஒரு படம் வர வேண்டுமென்றால், சுவருக்கு வெளியே ஆறடி தள்ளி நின்றிருக்க வேண்டும்... மூன்றாம் மாடி உயரத்தில்.

வெயில் எனக்குப் பின்னால் இருந்தது. என் நிழல் கதவு வழியாக அறைக்குள் விழுந்திருந்தது. கேமராவைத் தூக்கிப் பிடித்த நிழல். எடுத்தபோது அங்கே அந்த ஒரு நிழல்தான் இருந்தது. சத்தியமாக ஒன்றுதான்.

படத்தில் அதைச் சுற்றி வேறு நிழல்கள்.

முதல் படத்தில் தள்ளி நின்றன.

இரண்டாவதில் நெருங்கி.

மூன்றாவதில் எல்லாக் கைகளும் என் தோளில் இருந்தன. எட்டாத அந்தச் சின்ன நிழல் மட்டும்... என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தது.