அடி நறுக்கிய அழைப்பிதழ்

அந்தக் கல்யாண அழைப்பிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலே பிள்ளையார், நடுவில் மணமக்கள் பெயர், எல்லாம் ஒழுங்கு. அடியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரிக்கோலால் கோணலாக நறுக்கியிருக்கிறார்கள். எங்கள் அச்சகத்தின் பெயர் அங்கேதான் இருந்தது.

என் மாமனார் திருவண்ணாமலையில் வாரப் பத்திரிகை நடத்தியவர். காலனியில் பிறந்து, தேரடித் தெருவுக்குப் பின்னால் தன் தகப்பனார் பெயரில் அச்சகம் போட்டார். எழுதுவது அவர், மிஷினை மிதிப்பது என் கணவர், எழுத்துக் கோப்பது நான். எங்கள் ஆட்களுக்குத் தனி கிளாஸ் வைக்கும் டீக்கடையைப் பெயர் சொல்லி எழுதுவார். அப்படிப்பட்ட பத்திரிகைக்கு எவன் விளம்பரம் தருவான்? தை மாசியில் வரும் கல்யாண வேலைதான் அதற்குத் தாள் வாங்கிக் கொடுத்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், கீழ்பென்னாத்தூர் அரிசி மில்காரர் ஒருவர் வந்தார். மற்ற அச்சகங்கள் கைவிரித்துவிட்டதால்தான் எங்கள் படியேறினார். மாமனாரை விடச் சின்னவர். ஆனாலும் வாயில் வந்தது "நீ"தான்.

"இன்னாப்பா, கார்டு நல்லா அடிச்சிக் குடு. கீழ உன் பிரஸ் பேரு மட்டும் வாணாம். சொந்தக்காரன்லாம் பாத்தா இன்னா நெனப்பான்?"

"பேரு இல்லாம இங்கருந்து ஒரு தாளும் போவாதுங்க. வாணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மில்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

அவர் செய்த காரியம் பைண்டிங் கடை பாய் சொல்லித்தான் தெரிந்தது. தனக்கு வந்த கார்டை நேராக எங்களிடம் கொண்டுவந்தார். "ஊரு முழுக்க இப்டித்தாம்மா குடுத்துருக்கான்" என்றார். மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒவ்வொண்ணா உக்காந்து வெட்டியிருக்கானே, கை வலிச்சிருக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவள் நான்.

அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் வெட்கமில்லாமல் அந்தப் பெயரை விட்டுவிடும்படியே கேட்டார்கள். மாமனார் மசியவில்லை. கல்யாண வேலை மொத்தமும் கைவிட்டுப் போனது, நாலு பக்கப் பத்திரிகை இரண்டு பக்கமானது. கார்த்திகை தீபத்துக்கு ஊரே நோட்டீஸ் அடித்தபோது எங்கள் மிஷின் தூசி படிந்து கிடந்தது. வீட்டில் ஒரு வேளைதான் உலை வைத்தோம். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் அவர் சாகும்வரை நிறுத்தவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் தகப்பனார் பெயர் முழுசாக இருக்கும்.

போன மாதம் என் மகன் வேங்கிக்காலில் புதிதாக டிஜிட்டல் பிரஸ் திறந்தான். பலகையில் ஏதோ இங்கிலீஷ் பெயர். நம் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"அந்தப் பேரப் பாத்தா சில பேரு உள்ளயே வரமாட்டாங்கம்மா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் குத்துவிளக்கேற்ற நீட்டிய மெழுகுவர்த்தியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.