குடோனுக்குள் ஒரு நெட்டுக்குப்பம் வீடு

இது கட்டுக்கதை இல்லை. ராயபுரத்து தமீமுக்கு நிஜமாகவே நடந்தது. நம்பாதவர்கள் பொழுது சாய்ந்த பிறகு அவனைச் சாத்தாங்காடு பக்கம் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் வரமாட்டான்.

தமீம் சினிமாவுக்கு செட் போடுகிறவன். கலை இயக்குநர் மனோகரனிடம் பல வருடமாக உதவியாளன். வடசென்னை என்றாலே கத்தி, ரத்தம், கலீஜான சந்து என்று காட்டுகிற சினிமாவில், ஒரு மீனவர் வீட்டை உள்ளது உள்ளபடி கட்டிக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு வெறி. இந்தப் படத்தில் அது வாய்த்தது.

"வீட்ட நீயே டிசைன் பண்ணு. டைட்டில்ல கலைன்னு உன் பேருதான் வரும். சத்தியம்," என்றார் மனோகரன்.

நெட்டுக்குப்பத்தில் மங்கை அக்காவின் வீட்டைப் பிடித்தான். அக்காவின் புருஷன் கோதண்டம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவர். உடல் கிடைக்கவே இல்லை. அக்கா ரொம்பத் தயங்கித்தான் உள்ளே விட்டாள். தமீம் ஒரு விரிசல் விடாமல் அளந்தான். கோதண்டம் சாய்ந்து உட்கார்ந்து சுவரில் படிந்த எண்ணெய்க் கறை, கவிழ்த்து வைத்த அவருடைய சோற்றுத் தட்டு... எல்லாமே சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கத்துக் குடோனில் அச்சு அசலாக எழும்பியது.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம். கூட வேலை செய்யும் விமல் போனை நீட்டினான். மனோகரனின் பேட்டி. "நெட்டுக்குப்பத்துல நானே தங்கி, நானே வரைஞ்சேன்..." கீழே, கலை என்று அவர் பேர் மட்டும்.

அண்ணே அண்ணே என்று நாயாய் உழைத்ததற்கு இதுதானா? உடனே போன் போட்டான்.

"சத்தியம் பண்ணீங்களேண்ணே?"

"அடுத்த படத்துல பாத்துக்கலாம் தமீம்."

கட் பண்ணிவிட்டார்.

அவர் பேரில் அந்த வீடு இருக்கவே கூடாது. சுத்தியலை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனான். மணி ஆறரை. பள்ளிவாசல் பாங்கு ஓய்ந்திருந்தது. வெளியே இரும்பு அறுக்கும் சத்தமும் நின்றிருந்தது.

கொடியில் அவன் போட்டிருந்த புது லுங்கி ஈரமாக இருந்தது. சொட்... சொட்...

பெயின்டர் யாராவது நனைத்திருப்பான். தொட்டு விரலை முகர்ந்தான். கடல் தண்ணீர்.

தட்டைப் பார்த்தான்.

நிமிர்ந்திருந்தது.

கிறீச்...

எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் பிளைவுட் மெல்ல உள்வாங்கியது. யாரோ முதுகைச் சாய்த்த மாதிரி. அங்கே யாருமில்லை.

இருமல் சத்தம். அந்தத் தொண்டையில் தண்ணீர் புரண்டது.

"மங்கே... சோறு போடு."

சுத்தியல் கீழே விழுந்தது. ஓடினான்.

ஒரு வாரம் காய்ச்சல். அதற்குள் ஷூட்டிங் முடிந்து, செட்டைப் பிரித்து, பலகைகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள். எழுந்ததும் தமீம் நெட்டுக்குப்பம் போனான். மங்கை அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னாக்கா ஆச்சு?"

"யார்கிட்டயும் சொன்னதில்ல தம்பி. அவரு செத்தப்புறமும் தெனம் அந்திக்கு வூட்டுக்கு வந்துகினு இருந்தாரு. சோறு போடுன்னு கேப்பாரு. அந்தக் கொரலு போதும்னு கெடந்தேன். நீ அளவெடுத்துகினு போயி அங்க வூடு கட்ன நாள்லருந்து வர்ல."

தமீம் அவள் எதிரில் குந்தினான்.

"செட்ட பிரிச்சிட்டாங்கக்கா..."

"தெரியும். பிரிச்சும் இன்னும் வர்லியே," என்றாள் அக்கா. "உன்ன நம்பித்தான உள்ள வுட்டேன்?"