கறியான சேவல் கூவிய காலை

பாப்பாமோட்டை இராமலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு காதல் வந்தது. தன் குரலின் மேல்.

குற்றம் முழுவதும் அவருடையது என்று சொல்லிவிட முடியாது. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் அவர்தான் வாய்க்கால் பொறுப்பாளர். குளத்து மதகான துருசு எப்போது திறபடும் என்று நீர்ப்பாசன அலுவலகமான கந்தோரில் கேட்டறிந்து, ஊரின் நாற்பத்தேழு வயற்காரருக்கும் சொல்வது அவர் வேலை. முன்பு சைக்கிளில் போய் வீட்டு வாசல்களில் படலைக்குப் படலை நின்று கத்துவார். நாய்கள் குரைக்கும், இரண்டு நாய்கள் கடித்தும் இருக்கின்றன. அதனால் வட்ஸ்அப் குழு வந்த நாளில் ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவர் அவர்தான். கதிரையில் சாய்ந்தபடி கைபேசியை வாயருகே பிடித்துப் பேசினால் வேலை முடிந்தது.

ஆனால் அவருக்கு அதோடு முடியாது. தொண்டையைச் செருமி, "பாப்பாமோட்டைக் கமக்காரப் பெருமக்களே!" என்று தொடங்கி அனுப்பியதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். வானொலியில் இருந்திருக்க வேண்டிய குரல் வரம்பில் கிடந்து வீணாகிறதே என்று அவருக்கு உண்மையிலேயே கவலை.

"வாய்க்காலில தண்ணி ஒருக்காத்தான் வரும். எங்கட வீட்டில ஏழு தரம் வருது" என்பார் மனைவி சிவராணி.

தை மாதத்து மத்தியானம் ஒன்றில், சாப்பிட்ட கையோடு பழைய பதிவுகளைக் கிண்டிக்கொண்டிருந்தவருக்குப் போன வருடத்துத் தை மாதப் பதிவு ஒன்று அகப்பட்டது. என்ன கம்பீரம்! லண்டனில் இருக்கும் மகள் துசாந்தினி இதைக் கேட்கத்தான் வேண்டும் என்று உடனே அனுப்பினார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. மகளின் பெயருக்கு மேலே ஊர்க் குழுவின் பெயர் இருந்தது. பதில் வராததால், பிள்ளை வேலையில் நிற்கும் என்று நினைத்து நித்திரையாகிப்போனார்.

பின்னேரம் சிவராணி தன் கைபேசியோடு வந்தார். "இஞ்சேருங்கோ, நாளைக்குத் தண்ணியாம். ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு வீட்டில இருக்கிற எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"நாளைக்குக் காலமை ஆறு மணிக்குத் துருசு திறபடும்" என்றது அதிலிருந்து இராமலிங்கத்தின் குரல்.

இராமலிங்கம் கூர்ந்து கேட்டார். கந்தோரில் யாரும் சொன்னதாக நினைவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் உடனே போன் எடுத்து விசாரித்திருப்பார். ஆனால் இது அவருடைய குரல். அது பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. "ஓம், சொன்னனான்தானே" என்றுவிட்டு மண்வெட்டியைத் தேடப் போனார்.

மறுநாள் ஆறு மணிக்கு ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. ஏழாயிற்று, எட்டாயிற்று, வாய்க்காலில் ஒரு தவளையைத் தவிர ஒன்றும் வரவில்லை. பக்கத்து வயற்காரன் சுஜன் சந்தேகப்பட்டுப் பதிவை உரக்கப் போட்டான். நடுவில் ஒரு சேவல் கூவியது. தேத்தண்ணியோடு வந்து நின்ற சிவராணிக்கு முகம் மாறிவிட்டது.

"உது எங்கட செவலையன் எல்லோ! போன சித்திரைக்கு மகள் வந்து நிக்கேக்க அதைக் கறி வைச்சுத் திண்டாச்சே!"

இராமலிங்கம் கண்ணாடியைப் போட்டுக் கைபேசியைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தையில் ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஆனால் நாற்பத்தேழு பேர் முன்னால், என் குரலை நானே ரசித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"என்ர போனை ஆரோ ஹக் பண்ணிப்போட்டாங்கள்" என்றார்.

பாப்பாமோட்டைக்குத் தண்ணீர் வருவதாகப் பொய் சொல்வதில் எந்தக் கள்ளனுக்கு என்ன லாபம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாறாக, தங்கள் ஊரையும் ஒரு கள்ளன் தேடி வந்தானே என்று ஊருக்கே ஒரு பெருமையாக இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாலாம் நாள் மத்தியானம் கந்தோரிலிருந்து உண்மையாகவே அழைப்பு வந்தது. நாளை ஆறு மணிக்குத் தண்ணீர். குளத்தில் நீர் குறைவு, ஒரே ஒரு நாள்தான். அடுத்த முறைக்குப் பதினைந்து நாள் செல்லும். பயிரோ கதிரை வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கிற பருவம். இப்போது தண்ணீர் பிந்தினால் நெல்லெல்லாம் மணியில்லாச் சப்பியாகிவிடும்.

இராமலிங்கம் குழுவில் பேசிப் போட்டார். "கள்ளன் திரும்பியும் வந்திட்டான்" என்று முதல் பதில் வந்தது. "செவலையன் எங்கே?" என்று இரண்டாவது. பிறகு சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன.

வேறு வழியில்லை, சைக்கிளை எடுத்தார். நேரில் போய்ச் சொன்னால் நம்பாமலா விடுவார்கள்? முதல் படலையிலேயே முதியவர் ஏரம்பர் மறித்தார். "தம்பி, நீர் சொல்லுறீர், சரி. உமக்கு ஆர் சொன்னது?"

"கந்தோரில இருந்து போன் வந்தது, அண்ணை."

"கதைச்சது கந்தோர்க்காரனோ, கள்ளனோ? இப்ப ஆரின்ர குரலையும் கொம்பியூட்டரில செய்யிறாங்களாமே!"

அடுத்த ஆறு வீடுகளிலும் இதே கதைதான். ஏழாவது அருளம்மாவின் வீடு. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வாய்க்காலின் கடைசியில் ஒரு ஏக்கர் வயல். மற்ற நாட்களில் கூலி வேலை. கடைசி வயல்தான் முதலில் குடிக்க வேண்டும் என்பது அந்த வாய்க்காலின் கட்டுப்பாடு. ஆள் நின்று மடையை வெட்டாவிட்டால் முறை அடுத்த வயலுக்குப் போய்விடும்.

"அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டு ஒரு நாள் வேலைய விட்டேங்க ஐயா" என்றாள் அருளம்மா. "நாளைக்கும் விட்டா அடுத்த தடவ என்னையக் கூப்பிட மாட்டாங்க. இது கள்ளன் சொன்னது இல்லன்னு நீங்க எனக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

அவள் பகடி பண்ணவில்லை. பயந்துதான் கேட்டாள். இராமலிங்கம் சைக்கிளை வேலியோடு சாத்தினார். இந்த மனுஷியின் ஒரு ஏக்கர் காய்ந்து போவதைவிடத் தன் மானம் போவது பெரிதா?

"கள்ளன் ஒருத்தனும் இல்லை, அருளம்மா" என்றார் மெல்ல. "என்ர குரலை நானே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனான். நல்லாயிருக்கெண்டு மகளுக்கு அனுப்பப் போய்க் குறூப்புக்கு அனுப்பிப்போட்டன். வெக்கத்தில பொய் சொன்னனான்."

அருளம்மா படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"இப்ப நம்புறேங்க ஐயா. எந்தக் கள்ளனும் தன்னப் பத்தி இப்படிச் சொல்லமாட்டான். இத அப்படியே குறூப்புல சொல்லுங்க. எல்லாரும் வருவாங்க."

அந்தப் படலையடியில் நின்றே இராமலிங்கம் பேசினார். கமக்காரப் பெருமக்களே என்று தொடங்கவில்லை, தொண்டையைச் செருமவும் இல்லை. தேதியைச் சொல்லி, செய்த பிழையைச் சொல்லி, நாளைக்கு வாங்கோ என்று கேட்டுக்கொண்டார். பின்னால் அருளம்மாவின் சேவல் வேறு கூவித் தொலைத்தது.

மறுநாள் ஆறு மணிக்கு ஊர் முழுவதும் கரையில் நின்றது. அரைவாசிப் பேர் தண்ணீருக்கு வந்தவர்கள், அரைவாசிப் பேர் இராமலிங்கத்தின் முகத்தைப் பார்க்க வந்தவர்கள். எதற்கு வந்தாலும் எல்லோர் கையிலும் மண்வெட்டி இருந்தது. ஏழரைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. அருளம்மா மடையை வெட்டினாள்.

சுஜன் சும்மா இருப்பானா? முந்தின நாள் பதிவை உரக்கப் போட்டான். சேவல் கூவும் இடம் வந்ததும் சிவராணி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது ஆரின்ர சேவல்?"

"என்னோடதுங்க அம்மா" என்றாள் அருளம்மா.

"அதைக் கறி வைச்சிடாத பிள்ளை. இவருக்கு இனி அதுதான் சாட்சி."

கரை முழுவதும் சிரித்தது. இராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் அருளம்மாவின் வயலுக்குள் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறியிருந்தது.

அந்தப் பதிவை ஊர் இன்னும் போட்டுக் கேட்கிறது. அவர் மட்டும் இன்றுவரை ஒருமுறைகூடத் திரும்பக் கேட்டதில்லை.